பக்கத்து வகுப்பறையிலிருந்து கற்றல்: எழுத்தறிவும் ஆசிரியர்களாகிய நாமும்

திரியாய்க் குன்றில் கிரிஹண்டு சேய தாதுகோபத்துக்கு அருகே, பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கின்றது. மொழி சமஸ்கிருதம். எழுத்து பல்லவ கிரந்த வகை. காலம் ஏறத்தாழ கி.பி. 7ஆம், 8ஆம் நூற்றாண்டு. திரபுஸ்ஸக, வல்லிக என்ற வணிகர் பெயர்கள் அதில் வருகின்றன. கடல் வழியாக வந்த வணிகத்துக்கும் இந்தக் கரைக்கும் இருந்த உறவுக்கு அது ஒரு சான்று.

சில வருடங்களுக்கு முன் ஒன்பதாந்தர மாணவர்களை அங்கே கூட்டிச் சென்றிருந்தேன். தமிழ் சிறப்புப் பட்டம் படித்த காலத்தில் கல்வெட்டெழுத்துகளோடு கொஞ்சம் பழகியிருந்ததனால், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சில எழுத்துகளை உரக்கச் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஆச்சரியம். ஒருவன் கேட்டான்: “அப்ப என்ன எழுதிக் கிடக்கு சேர்?”

“அது தெரியாது மகன். எழுத்துத்தான் தெரியும்.”

“எழுத்துத் தெரிஞ்சா எப்படி சேர் வெளங்காமப் போகும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. பாறைக்கு முன்னால் நான் நின்ற நிலையில்தான் என் வகுப்பில் பல பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்துக்கும் வரலாற்றுப் புத்தகத்துக்கும் முன்னால் தினமும் நிற்கின்றார்கள். எழுத்துத் தெரியும், வாசகம் தெரியாது. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. அதைவிடக் கூடுதலாக, அவர்களுக்குப் படிப்பிக்கின்ற எங்களைப் பற்றியது.

வினாத்தாளில் தெரிந்த உண்மை

ஒரு தவணைப் பரீட்சை முடிந்து ஆசிரியர் ஓய்வறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். ஆறாந்தர விஞ்ஞானத் தாள்கள் பாதி வெறுமையாக இருந்தன. “இதுகளுக்கு விஞ்ஞானம் ஏறாது” என்றார் பாட ஆசிரியர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அதே பிள்ளைகளுக்கு ‘தமிழும் ஏறாது’ என்று அடுத்த நாள் நான் சொல்லியிருப்பேன்.

வெறுந்தாள் கொடுத்த ஒரு மாணவனை இடைவேளையில் கூப்பிட்டு, வினா ஒன்றை வாசிக்கச் சொன்னேன். அவன் வாசித்தான். ‘ஆ... வி... யா... தல்...’ என்று ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டு வரியின் கடைசிக்கு வந்தபோது, வரியின் தொடக்கம் அவன் நினைவிலிருந்து போய்விட்டது. பிறகு அதே வினாவை நான் வாசித்துக் காட்டினேன். “உம்மா உடுப்புக் காயப் போட்டா, தண்ணி ஆவியாப் போற சேர். வெயில் கூடினாக் கெதியாக் காயும்” என்றான். விடை சரி. அவனிடம் விஞ்ஞானம் இருந்தது. அந்தத் தாளில் அதை வெளியே கொண்டுவரும் வழிதான் அவனிடம் இல்லை.

அதன் பின் ஒரு வாரம், ஆறாந்தரப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து இரண்டு நிமிடம் வாசிக்கக் கேட்டேன். அவர்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்தார்கள். முதற் கூட்டம் சரளமாக வாசித்தது. வாசித்ததைச் சொல்லவும் தெரிந்தது. மூன்றாவது கூட்டம் உயிர்மெய்யெழுத்துகளிலேயே தடுமாறியது. என்னை அதிர வைத்தது நடுக் கூட்டம். அவர்கள் பிழையில்லாமல் வாசித்தார்கள். “இப்ப வாசிச்சது எதப் பத்தி?” என்று கேட்டால் முழித்தார்கள். வகுப்பிலே பிரச்சினையே தராத, கொப்பி அழகாக எழுதுகின்ற பிள்ளைகள் அவர்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் கெட்டிக்காரர்கள். அதனால்தான் ஐந்து வருடங்களாக யாருடைய கண்ணிலும் படாமல் ஆறாந்தரம்வரை வந்துவிட்டார்கள்.

வாசிப்பு எங்கே சிக்குகின்றது?

‘நாமெல்லாம் வாசிக்கப் பழகவில்லையா, இதில் என்ன ஆராய்ச்சி?’ என்று சிலர் கேட்கக்கூடும். வாசிப்பு ஒரே திறன் அல்ல என்பதுதான் பதில். ஒலிகளைப் பிரித்தறிதல், எழுத்தையும் ஒலியையும் இணைத்தல், தடங்கலின்றி வாசித்தல், சொல்வளம், கருத்துணர்தல் என்ற படிகள் அதிலே இருக்கின்றன. எழுத்தைக் கண்டுபிடிப்பதிலேயே மூளையின் பலம் முழுதும் செலவானால், பொருளைப் பிடித்துக்கொள்ள மிச்சம் எதுவும் இருக்காது. ஆகவே சரளம் என்பது வெறும் வேகம் அல்ல. பொருளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பது அதுதான்.

எமது எழுத்து முறைக்கு உரிய சிக்கல்களும் உண்டு. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகள். அடையாளங்கள் குறைவுதான், ஆனால் அவை சேரும் விதம் சின்னப் பிள்ளைக்குக் குழப்பமானது. ‘கொ’ என்பதில் உயிரொலி மெய்க்குப் பின்னே ஒலிக்கின்றது. குறியீடோ எழுத்தின் இரு பக்கமும் நிற்கின்றது. ‘க’ என்ற ஒரே எழுத்துக்குக் ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ என்பவற்றில் மூன்று ஒலிகள். இத்தகைய எழுத்துமுறை கொண்ட கன்னடத்தில் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகள் முழுவதையும் கைவசப்படுத்தப் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரைகூடச் செல்கின்றது என்று காட்டியது. நாமோ இரண்டாந்தரத்தோடு ‘எழுத்து முடிந்தது’ என்று எண்ணிக்கொள்கின்றோம்.

அடுத்தது பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். ஒரே மொழியில் பேச்சுக்கு ஒன்றும் எழுத்துக்கு ஒன்றுமாக இரு வடிவங்கள் நிலவுவதை 1959இல் சார்ள்ஸ் ஃபேர்குசன் இரட்டை வழக்கு என்று விளக்கினார். தமிழ் அதற்கு நல்ல உதாரணம். எங்கள் பிள்ளைக்கு அந்தத் தூரம் இன்னும் ஒரு முழம் அதிகம். வீட்டில் வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா. புத்தகத்தில் தந்தை, தாய், அண்ணன், அக்கா. வீட்டில் ‘செல்ற’, புத்தகத்தில் ‘கூறுகின்றான்’. பிள்ளையின் பேச்சை ‘கொச்சை’ என்று வெட்டிவிட்டுப் புத்தக மொழியை ஊட்ட முடியாது. தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத சொல்லுக்குப் பாலம் போட வேண்டும். பாலத்துக்கு இரண்டு கரையும் தேவை.

இன்னொன்றையும் நம்மவர்கள் இலகுவில் விளங்கிக்கொள்வார்கள். குர்ஆன் மத்ரஸாவில் எமது பிள்ளைகள் அரபு எழுத்துகளை அழகாக ஓதுகின்றார்கள். பொருள் தெரிந்து ஓதுபவர் சிலரே. ஓசைக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடு எமக்குப் புதிதல்ல. ஓதுதலுக்கு அதற்கே உரிய சிறப்பும் நன்மையும் உண்டு. விஞ்ஞானப் புத்தகத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. விளங்காமல் வாசித்த விஞ்ஞானம் வாசிக்காத விஞ்ஞானந்தான்.

இதன் விளைவு பதினொராந்தரத்தில் வந்து நிற்கின்றது. க.பொ.த. உயர்தரம் படிக்கத் தாய்மொழியிலும் கணிதத்திலும் சித்தி வேண்டும். கணித வினாவும் தமிழில்தான் வருகின்றது. ஆகவே எழுத்தறிவைத் தமிழாசிரியர் தலையில் மட்டும் கட்டிவிட்டு மற்றவர்கள் தப்ப முடியாது. ‘ஒடுங்கல்’, ‘விகிதம்’, ‘குடியேற்றவாதம்’ ஆகிய சொற்களை வாசிக்கப் பழக்குவது அந்தந்தப் பாட ஆசிரியரின் வேலை.

செயலமர்வுகள் ஏன் வகுப்பறைக்குள் வருவதில்லை?

நான் சேவைக்கு வந்து எத்தனையோ செயலமர்வுகளுக்குப் போயிருக்கின்றேன். கையேடு தருவார்கள், தேநீர் தருவார்கள், நல்ல விடயங்களும் சொல்வார்கள். திங்கட்கிழமை வகுப்புக்குள் போனால் பழைய பாட்டையே பாடுவேன். இது என்னுடைய சோம்பல் என்றே நினைத்திருந்தேன்.

அமெரிக்காவில் புரூஸ் ஜொய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர் 1980களில் இதைத்தான் ஆராய்ந்தார்கள். கோட்பாட்டை விளக்கி, செய்து காட்டி, அங்கேயே பயிற்சியும் கொடுத்தால்கூட, புதிய முறையைத் தம் வகுப்பறையில் நிலையாகக் கையாளும் ஆசிரியர்கள் சிலரே. பயிற்சிக்குப் பின் சக ஆசிரியர் ஒருவர் வகுப்பறையில் துணையாக நின்றால் அந்த எண்ணிக்கை பெருமளவு கூடுகின்றது. இதற்குச் சகபாடிப் பயிற்றுவிப்பு என்று பெயர். செயலமர்வு விதைநெல் மாதிரி. விதைநெல்லைக் கொடுத்துவிட்டுப் போனால் போதாது. வரம்பில் கூட நிற்க ஓர் ஆள் வேண்டும்.

ஒரு கல்விப் பிரதேசம் முழுவதும் இதைச் செய்து பார்த்த அனுபவமும் உண்டு. நியூயோர்க் நகரின் இரண்டாம் இலக்கச் சமூகப் பாடசாலைப் பிரதேசத்துக்கு 1987இல் அந்தனி அல்வராடோ அத்தியட்சகராக வந்தார். வறிய குடும்பத்துப் பிள்ளைகளும் புதிதாகக் குடியேறியோரின் பிள்ளைகளும் அங்கே ஏராளம். அவர் ஒரே நேரத்தில் பத்துத் திட்டம் தொடங்கவில்லை. முதலில் எழுத்தறிவு, பல வருடங்கள் அதே எழுத்தறிவு. பணத்தையும் நேரத்தையும் ஆசிரியர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்பதில் செலவிட்டார். ஓர் ஆசிரியர் சில வாரங்கள் தேர்ந்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் இருந்து பார்த்துப் பழகுவார். அந்நாள்களில் அவருடைய வகுப்பை வேறொருவர் கவனிப்பார். அதிபர்களும் வகுப்பறைகளுக்குள் நடந்து திரிய வேண்டும். நகரின் 32 பிரதேசங்களில் வாசிப்பில் பத்தாவதாக இருந்த அந்தப் பிரதேசம் 1996 அளவில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எல்மோர் இதனை ஆராய்ந்து எழுதியபின் உலகம் கவனித்தது.

தமிழ்நாட்டில் கொரோனா இடைவெளிக்குப் பின் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தையும் இங்கே சொல்லலாம். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரையான பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கும் முறை அது. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கின்றது என்று பாராமல் எந்தப் படியில் நிற்கின்றது என்று பார்ப்பதே அதன் அடிப்படை.

இவையெல்லாம் பிறநாட்டுச் சரக்கு என்று தள்ளத் தேவையில்லை. ஹிஃப்ழு மத்ரஸாவில் இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே இருந்து, ஒருவர் ஓத மற்றவர் கேட்பதை நாம் கண்டிருக்கின்றோம். அன்ட்ரூ பெல் 1789 தொடக்கம் மதராஸ் அநாதைச் சிறுவர் இல்லத்தில் மாணவரைக் கொண்டே மாணவருக்குப் படிப்பித்தார். மணலில் எழுதிப் பழகும் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் உதித்தது. பின்னர் அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துக்கே போனது. பக்கத்திலிருப்பவனிடம் கற்பது எங்கள் மண்ணில் பழைய வழக்கம். மாணவருக்கு விதித்த அந்த வழக்கத்தை ஆசிரியர்களாகிய நாம் எமக்கு விதித்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

நாங்கள் செய்து பார்த்தது

முதல் முயற்சியில் நான் தோற்றேன். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இளைய ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் பின்வாங்கில் இருந்து, கண்ட குறைகளை ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தேன். நல்லெண்ணத்தோடுதான். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “நீங்களும் மேற்பார்வைக்கு வந்த மாதிரியே எழுதியிருக்கீங்க சேர்” என்றார். அதன் பின் என் பாடவேளைக்கும் அவர் வரவில்லை. தன் வகுப்புக்கும் என்னைக் கூப்பிடவில்லை.

ஜொய்ஸும் ஷவர்ஸும் 1996இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதே இடறல் இருப்பதைப் பின்னர் கண்டேன். சக ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் குறைநிறை சொல்லத் தொடங்கினால் அது கொஞ்ச நாளில் மேற்பார்வையாக மாறிவிடுகின்றது, கூட்டு உடைந்துபோகின்றது. ஆகவே அவர்கள் குறைநிறை சொல்வதையே எடுத்துவிட்டார்கள். படிப்பிக்கின்றவர்தான் பயிற்றுநர், பார்க்க வந்தவர்தான் கற்பவர் என்று மாற்றிப் போட்டார்கள். பார்க்க வந்தவர் திருத்துவதற்காக வரவில்லை, எடுத்துக்கொண்டு போக வந்திருக்கின்றார்.

இந்த விதியோடு இரண்டாம் முறை தொடங்கினேன். இம்முறை நான்தான் பார்க்கப் போனேன். மூன்றாந்தர வகுப்புக்கு. அங்கே படிப்பித்தவர் திரியாய் ஊரைச் சேர்ந்த டீச்சர். 1985இல் ஊர் இடம்பெயர்ந்தபோது அவர் சின்னப் பிள்ளை. அகதிக் கொட்டிலில் ஓர் அக்காவிடம், ஒரே புத்தகத்தை நாலு பேர் சுற்றியிருந்து பார்த்து வாசிக்கப் பழகியவர். தலைகீழாகப் பார்த்து வாசிக்கவும் தனக்கு வரும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கல்வியியற் கல்லூரியில் பயின்றவர். நான் பட்டதாரி; அவர் ஆரம்பப் பிரிவு. எமது பாடசாலைகளில் இந்த ஏற்றத்தாழ்வு எவ்வளவு ஆழமானது என்று ஆசிரியர்களாயிருப்போருக்குச் சொல்லத் தேவையில்லை. “சிறப்புப் பட்டக்காரர் மூண்டாந்தரத்தில என்ன பாக்கப் போறார்?” என்று ஓய்வறையில் பேச்சு எழுந்தது. எனக்கும் உள்ளூரக் கூச்சம் இருந்தது.

நாற்பது நிமிடம் இருந்தேன். ஒரு சிறு பந்தியை டீச்சர் முதலில் வாசித்தார். பிறகு எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். பிறகு இருவர் இருவராக, ஒருவர் வாசிக்க மற்றவர் விரலால் தொட்டுக் கேட்டார். டீச்சர் வாங்குகளுக்கிடையே குனிந்து குனிந்து நடந்தார். கடைசியில் பந்தியில் நடந்ததை வீட்டுப் பேச்சில் சொல்லச் சொன்னார். அதையே புத்தகச் சொல்லில் மாற்றச் சொன்னார். மணி அடித்தபோதுதான் எனக்குப் புரிந்தது: வகுப்பில் வாய் திறந்து வாசிக்காத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

என் வகுப்பை நினைத்துப் பார்த்தேன். அங்கே நான்தான் வாசிப்பேன். குரல் ஏற்ற இறக்கத்தோடு, செய்யுளைப் பிரித்து, நயம் சொல்லி வாசிப்பேன். என் பாடம் நல்லது என்று பெயரும் உண்டு. இத்தனை வருடங்களில் அந்த நாற்பது நிமிடத்துக்குள் என் பிள்ளைகள் எத்தனை வரி வாசித்தார்கள்? யாரும் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். பார்த்ததனால் வாதாட இடமில்லாமல் போயிற்று.

பிறகு அவர் என் வகுப்புக்கு வந்தார். செய்யுட் சொல்லொன்றை நான் வேரிலிருந்து விரித்துக் காட்டியதைக் குறித்துக்கொண்டு, “சேர், இது நல்லாயிருக்கு. இப்பிடியெண்டா என்ர பிள்ளையளுக்கு ஒரு சொல்லில இருந்து அஞ்சு சொல்லுக் குடுக்கலாம்” என்றார். அதை அவர் எடுத்துக்கொண்டு போனார்.

இப்படி இருவரில் தொடங்கியது மூன்று சோடி ஆனது. “விஞ்ஞானம் ஏறாது” என்ற ஆசிரியரும் சேர்ந்தார். எமது நடைமுறை சிறியது:

முதலாவது, இரண்டு வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். நேரசூசியில் ஒருவர் ஓய்வாகவும் மற்றவர் வகுப்பிலும் இருக்கும் வேளையை அதிபர் ஒழுங்குசெய்து, அந்த வேளையில் வேறு வகுப்புக்கு அனுப்பாமல் விட வேண்டும். இது இல்லாவிட்டால் மற்ற எதுவும் நடக்காது.

இரண்டாவது, ஒரு தவணைக்கு ஒரே ஒரு நோக்கம். முதல் தவணையில் எமது நோக்கம்: ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பந்தியாவது வாய்விட்டு வாசிக்க வேண்டும். இரண்டாந் தவணையில்: பாடம் தொடங்குமுன் மூன்று சொல்லை வீட்டுப் பேச்சோடு இணைக்க வேண்டும்.

மூன்றாவது, பார்த்தவர் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “நான் இதை எடுத்துக்கொண்டு போறேன்.” படிவம் இல்லை, புள்ளி இல்லை, கோப்பில் போடுவதும் இல்லை.

நான்காவது, தவணைக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு நிமிடம் வாசிக்கக் கேட்டு, மூன்று கூட்டத்தில் எந்தக் கூட்டம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியல் ஆசிரியர்களுக்கு மட்டும். பிள்ளையின் காதில் விழக்கூடாது.

நடந்ததும் நடக்காததும்

நடுக் கூட்டத்துப் பிள்ளைகள்தான் விரைவாக நகர்ந்தார்கள். வாசித்ததைத் தம் பேச்சில் சொல்லப் பழகியதும் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். எழுத்திலேயே தடுமாறியவர்களுக்கு இது போதவில்லை. அவர்களுக்கு வகுப்புக்கு வெளியே நாளும் பதினைந்து நிமிடம் தேவைப்பட்டது. எல்லா நாளும் அதைக் கொடுக்க எங்களால் முடியவில்லை. கடல் வாய்க்கும் காலத்தில் வாப்பாவோடு வாடிக்குப் போய்விடும் பிள்ளைக்கு எந்த முறையும் எட்டாது. ஓர் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனதும் ஒரு சோடி கலைந்தது. பட்டதாரி நியமனங்களைப் பற்றியும் இடமாற்றங்களைப் பற்றியும் கொள்கை வகுப்போர் பேசும்போது, கலைந்துபோகும் இந்தச் சோடிகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பாடசாலை மட்டத்தில் ஆசிரியர் வாண்மை விருத்தி என்பது எமது கல்வி அமைச்சின் ஏடுகளிலும் உண்டு. பல இடங்களில் அது யாரோ ஒருவர் வந்து பேசிவிட்டுப் போகும் பிற்பகலாகச் சுருங்கிவிட்டது. அந்தப் பிற்பகலையே இரண்டு ஆசிரியர்களின் வகுப்பறைக் கதவைத் திறக்கப் பயன்படுத்தலாம். செலவு இல்லை.

சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியபோது எமது சமூகத்தில் எழுத்தறிந்தோர் சிலரே. பாடசாலை இல்லாமை அன்றைய பிரச்சினை. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி அந்தக் கதவைத் திறந்தது. இன்று பாடசாலை இருக்கின்றது. சீருடையும் புத்தகமும் இருக்கின்றன. வாசிக்கத் தெரியாத பிள்ளை அந்தச் சீருடைக்குள் எமது கண்ணுக்கு மறைந்து இருக்கின்றது.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் பாடசாலைப் படலையில் படத்தோடு பதாகை கட்டுகின்றோம். வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளைகளுக்கு அது உரித்தானதே. ஆனால் அதே வருடம் எத்தனை பிள்ளை வாசிக்கத் தெரியாமல் ஆறாந்தரத்துக்குப் போகின்றது என்று எந்தப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலாவது யாராவது கேட்டதுண்டா? பெற்றோராக இருக்கும் வாசகர்கள் அடுத்த கூட்டத்தில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஆசிரியராக இருப்பவர்கள் நாளைக்கு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் வாசிக்கக் கேளுங்கள். பிறகு பக்கத்து வகுப்பறைக்குப் போய், “ஒரு பாடவேளை பின்னால இருந்து பார்க்கலாமா?” என்று கேளுங்கள்.

வினாத்தாளை வெறுமையாகக் கொடுத்த அந்த மாணவன் இப்போது எட்டாந்தரம். இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கின்றான். ஆனால் வரியின் முடிவில் நின்று திரும்பிப் போகின்றான், “இந்தச் சொல்லு என்ன சேர்?” என்று கேட்கின்றான். விளங்கவில்லை என்பது அவனுக்கே விளங்கத் தொடங்கியிருக்கின்றது.